மாளிகையும் லயமும்: மலாக்காவில் ஒரு வீடு விடுதியான வரலாறு

மலாக்கா ஆற்றங்கரையில், புங்கா ராயா சாலையில், ஒரு பழைய மாளிகை நிற்கிறது. 1920களில் சீன வணிகர் லியோங் லோங் மான் தம் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு அது. இன்று ‘மெஜஸ்டிக் மலாக்கா’ என்னும் பெயரில் உயர்தரத் தங்கும் விடுதியாக விளங்குகிறது. குடியேற்ற ஆட்சிக் காலத்து வீடு ஒன்று எவ்வாறு விடுதியாகிறது, அவ்வாறு ஆகும்போது எது காக்கப்படுகிறது, எது விடுபடுகிறது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மொழியைப் பேணும் அவையொன்றில் கட்டடத்தைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்னும் வினா எழலாம். வீடு என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் மட்டுமன்று. அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சொல் உண்டு. அச்சொல்லை வழங்கிய மக்கள் உண்டு. அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்த வரலாறு உண்டு. மலாக்கா மாநிலத்துத் தமிழருக்கு இவ்வினா இன்னும் நெருக்கமானது. மாளிகைகள் பிழைத்திருக்க, நம் முன்னோர் வாழ்ந்த லயங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. இவ்வேறுபாடு தற்செயலானதா என ஆராய்வது நம் கடமையாகும்.

1. சொற்கள் குடியிருக்கும் வீடு

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். மலாய் மொழியில் அரண்மனையை, உயர்ந்த இல்லத்தை, ‘மஹ்லிகை’ என்பர். அது நம் ‘மாளிகை’யே என்பது மொழியறிஞர் ஒப்புக்கொண்ட செய்தி. அம்மாளிகைக்குள் நுழைந்து ஓர் அறையைத் திறந்து பார்த்தால், அங்கே கிடக்கும் கட்டிலை மலாய்க்காரர் ‘காத்தில்’ என்பர்; சன்னலில் தொங்கும் திரையை ‘திராய்’ என்பர்; பயணி கொண்டுவந்த பெட்டியை ‘பெத்தி’ என்பர். வெளியே வந்தால் கடை ‘கெடாய்’ ஆகிறது. சரக்கைச் சேமிக்கும் கிடங்கு ‘கூடாங்’ ஆகிறது. ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற கப்பல் ‘காப்பால்’ ஆகிறது. பல நூற்றாண்டுகளாக இத்துறைமுகத்துக்கு வந்துபோன தமிழ் வணிகர் சரக்கோடு சேர்த்து இறக்கிவிட்டுச் சென்ற சொற்கள் இவை.

தமிழும் மலாயும் ஒரே மூலத்திலிருந்து கடன் வாங்கிய சொற்களும் உள. 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், அதே நூற்றாண்டில் தமிழகக் கடற்கரையிலும் காலூன்றியிருந்தனர். அதனால் அவர்தம் வீட்டுச் சொற்கள் இருமொழியிலும் புகுந்தன. நாம் சன்னல் என்பதை மலாயில் ‘ஜெண்டேலா’ என்கின்றனர், நாம் அலமாரி என்பது அங்கும் ‘அல்மாரி’யே, மேசை ‘மேஜா’, துவாலை ‘துவாலா’. இன்றைய விடுதி அறையில் பணியாள் மடித்துவைக்கும் துவாலைக்குள்ளும் ஐந்நூறு ஆண்டு வரலாறு மடிந்து கிடக்கிறது.

ஆகவே, மலாக்காவின் மாளிகை எதுவாயினும், யார் கட்டியதாயினும், சொல்லளவில் நமக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் நமக்குள்ள பங்கு சொல்லளவோடு முடிவதில்லை.

2. மாளிகை எழுந்த காலம்

மெஜஸ்டிக் மாளிகை எழுந்த 1920களில் மலாக்கா பெருந்துறைமுகமாக இல்லை. பினாங்கும் சிங்கப்பூரும் அதன் கடல் வாணிகத்தை எப்போதோ ஈர்த்துக்கொண்டன. ஆற்றின் வாய் தூர்ந்து, பெருங்கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன. ஆயினும் நகரத்தில் புதுமாளிகைகள் எழுந்தன. காரணம் கடலில் இல்லை. நகருக்குப் பின்னால் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் நிரைநிரையாக நின்ற ரப்பர் மரங்களில் இருந்தது.

ரப்பர் மலாயாவுக்குள் வந்த வழியில் மலாக்காவுக்குத் தனியிடம் உண்டு. பிரேசிலில் திரட்டிய விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அங்கிருந்து 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பாளராக 1888இல் வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் வெட்டும் முறையைக் கண்டு, ரப்பரைப் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை வற்புறுத்தி வந்தார். பலர் நகைத்தனர். அவர் சொல்லை ஏற்று, மலாயாவில் முதன்முதலாக வாணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டவர் மலாக்காவின் பெரனாக்கான் சீனரான டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் தொடங்கினார். பின்னர்ப் புக்கிட் அசகானில் ஏறத்தாழ 3,000 ஏக்கராக விரித்தார். மரவள்ளிக்கிடையே ரப்பர்க் கன்று நட்ட அந்நிலம் 1906இல் இலண்டன் முதலீட்டாளர் கைக்கு மாறியது.

அடுத்த நான்காண்டுகளில் மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டி உலகம் துடித்தது. 1910இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் ரப்பரின் விலை 12 சில்லிங்கைத் தாண்டியது. மலாக்காவின் வாணிகம் அனைத்தும் அவ்விலையோடு ஏறி, அவ்விலையோடு இறங்கியது. வணிகர் வீட்டுத் தேக்கு மரமும் பீங்கான் தள ஓடுகளும் அந்த ஏற்றத்தின் அடையாளங்கள்.

ஏற்றத்துக்கு ஆள் வேண்டும். அவ்வாள்கள் தமிழகத்திலிருந்து வந்தனர். தோட்டத்துக் கங்காணி தன் ஊருக்குத் திரும்பிச் சென்று, உறவினரையும் அண்டை ஊராரையும் அழைத்து வருவான். 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்று, அவர்களின் கப்பற் செலவை ஏற்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கி, தொற்றுத்தடைக் கொட்டகையில் சில நாள் கிடந்து, பின் தோட்டங்களுக்குப் பிரிந்தனர். இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும் வரை இவ்வழி திறந்தே இருந்தது.

1920களின் இறுதியில் சிலாங்கூர் முதலிய முதன்மைப் பகுதிகளுக்கு வரையறுத்த தரக்கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் தாக்கியபோது அக்கூலியும் குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியபோது மாளிகை எழுந்தது. இறங்கியபோது லயம் காலியானது. ஒரே சந்தையின் இரு முகங்கள் இவை.

3. அக்கரையில் எழுந்த மாளிகைகள்

ரப்பர்ப் பணம் மலாக்காவில் மட்டும் வீடாகவில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் மலாயா நகரங்கள்தோறும் கிட்டங்கி அமைத்துக் கடன் கொடுத்தனர். ஒரே கூடத்தில் வரிசையாகப் பெட்டியடிகள். ஒவ்வொரு பெட்டியடிக்கும் ஒரு முகவர், அவருக்குக் கீழ் அடுத்தாள், பெட்டியடிப் பையன். வங்கிகள் ஏறெடுத்துப் பாராத சிறுதோட்டக்காரருக்கும் கடைக்காரருக்கும் அவர்களே கடன் வழங்கினர். மலாக்கா நகரத்தாரின் வாழ்வுக்குச் சான்றாகச் செங் பகுதியில் சன்னாசிமலைக் கோயில் உள்ளது. மாசி மகத்தன்று நகரிலிருந்து இரதம் அங்கே செல்வதை இன்றும் காணலாம்.

மலாயாவிலும் பர்மாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருள் செட்டிநாட்டில் வீடுகளாயிற்று. பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தள ஓடுகள், முட்டை வெண்கரு கலந்து பளிங்குபோல் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு எனத் தெருவுக்குத் தெரு ஊடுருவி நீளும் அமைப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடல் கடந்த தொழில் சுருங்கியது. பாகம் பிரிந்த வீடுகளில் பல பூட்டப்பட்டன. சிலவற்றின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்கு வந்தன. எஞ்சியவற்றுள் சில விடுதிகளாயின. காரைக்குடியில் ‘பங்களா’, கானாடுகாத்தானில் ‘விசாலம்’, கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’ ஆகியவை இன்று பயணிகளை வரவேற்கின்றன.

மலாக்கா ஆற்றங்கரையிலும் செட்டிநாட்டுத் தெருவிலும் நடந்தது ஒன்றே என்பதை இங்கே காண்கிறோம். கடல் கடந்த விளைபொருளால் எழுந்த வீடு, அவ்விளைபொருளின் காலம் கழிந்ததும் தன்னைத்தானே தாங்க இயலாமல், பயணியின் வாடகையை நாடி நிற்கிறது.

4. வீடு விடுதியாவது எவ்வாறு?

இனி மாற்றம் நிகழும் முறையை விளக்குவோம். அதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதற்காரணம் குடும்பம். பெருவீட்டைக் கட்டியவர் பலருக்கும் மக்கள் பலர். பேரப்பிள்ளைகள் அதனினும் பலர். உரிமை பாகமாகப் பிரியப் பிரியப் பழுதுபார்க்கும் பொறுப்பு யாருக்கும் உரியதாக இராது. ஓடு மாற்ற ஒருவர் ஒப்பினால் மற்றொருவர் ஒப்பார். இறுதியில் விற்பதே அனைவரும் ஒப்பும் ஒரே முடிவாகிறது.

இரண்டாவது செலவு. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழஞ்சுவர் ஈரத்தை உறிஞ்சும். பின் காற்றில் வெளிவிடும். மலாக்காவைப் போல ஆறும் கடலும் அருகிலிருக்கும் ஊரில் தரையிலிருந்து ஈரம் ஏறி, உப்பைச் சுவரின் மேல் கொண்டுவந்து படியவைக்கும். அறியாதார் அதன்மீது சிமெண்டு பூசுவர். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, செங்கல்லை அரிக்கும். மீண்டும் சுண்ணாம்பு பூச வேண்டுமாயின், அக்கைத்தொழில் அறிந்த கொத்தனார் வேண்டும். கூரை மரத்துக்குக் கறையான் பகை. இவற்றையெல்லாம் ஒரு குடும்பத்தின் வருவாயால் ஈடுசெய்வது அரிது.

மூன்றாவது சட்டம். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு உரிய 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய நகரங்களில் வாடகையைத் தாழ்வாகவே வைத்திருந்தது. உரிமையாளருக்குப் பழுதுபார்க்க ஊக்கமில்லை. இடிக்கவும் எளிதில் இயலவில்லை. அதனால் வீடுகள் பாழடைந்தபடியே பிழைத்திருந்தன. 1997இல் இயற்றிய சட்டத்தால் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டு, 1999ஆம் ஆண்டு முடிவோடு இடைக்காலமும் தீர்ந்தது. நெடுநாள் வாடகைக்கு இருந்தோர் வெளியேறினர்; புதிய முதலீடு உள்ளே வந்தது. 2005இல் தேசிய மரபுடைமைச் சட்டம் பிறந்தது. 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. அதன்பின் ‘பழைய’ என்னும் அடைமொழி குறையாகக் கருதப்படாமல் விலையாக மாறியது.

மெஜஸ்டிக் மாளிகையின் வாழ்க்கை இவ்வரலாற்றுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1955இல் அது குடும்பத்தின் கையை விட்டு வேறொரு வணிகர் கைக்குச் சென்று, எளிய விடுதியாயிற்று. அந்நாளில் அங்கே தங்குவதில் ஆடம்பரம் இல்லை. வழிப்பயணி மலிவாகத் தலைசாய்க்கும் இடமாக அது பல்லாண்டு இருந்தது. இருபதாம் நூற்றாண்டோடு அவ்வாழ்வும் முடிந்து, கட்டடம் வெறுமையாய்க் கிடந்தது. பின்னர் ஒய்.டி.எல். நிறுவனம் அதைச் சீரமைத்து, 2008இல் இப்போதைய விடுதியாகத் திறந்தது.

சீரமைத்த முறையை உற்றுநோக்கினால் பொதுவான ஒரு நெறி விளங்கும். விடுதிக்கு அறைதோறும் குளியலறை வேண்டும். குளிரூட்டி, மின்தூக்கி, தீத்தடுப்பு வழி ஆகியவை வேண்டும். இவற்றைப் பழஞ்சுவருக்குள் திணித்தால் சுவர் தாங்காது; திணிக்காவிட்டால் பயணி தங்கமாட்டார். எனவே பழைய மாளிகையை வரவேற்புக் கூடமாகவும் உணவுக் கூடமாகவும் நிறுத்திக்கொண்டு, அதன் பின்னே உயரமான புதுக்கட்டடம் ஒன்றை எழுப்பினர். 50க்கு மேற்பட்ட தங்கும் அறைகள் அப்புதுக்கட்டடத்தில் உள்ளன. முகம் பழையது, உடல் புதியது. பீங்கான் தள ஓடும் தேக்கு வேலைப்பாடும் காக்கப்பட்டன. மலாக்காப் போர்த்துகீசியர் சமையலும் பாபா-நோன்யா மரபின் ஒப்பனை முறைகளும் விருந்தினருக்கு அறிமுகப்படுத்தப்படுகின்றன.

இதனைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. விடுதியாகாமல் இருந்திருந்தால் அம்மாளிகை இன்று தரைமட்டமாகியிருக்கலாம். வாடகை தரும் பயணியே இன்று பழஞ்சுவரின் புரவலர். ஆனால் புரவலர் எதைக் கேட்கிறாரோ அதுவே காக்கப்படும் என்பதையும் நாம் உணரவேண்டும். பயணி அழகைக் கேட்கிறார், சுவையைக் கேட்கிறார், ஒரு குடும்பத்தின் கதையைக் கேட்கிறார். அக்குடும்பம் வாழ்ந்த ஊரின் செல்வத்தை மரத்திலிருந்து வடித்தவர் யார் என்று அவர் கேட்பதில்லை. கேளாத வினாவுக்கு எந்தக் கல்வெட்டும் விடை பொறிப்பதில்லை.

5. லயத்துக்கு ஏன் கல்வெட்டு இல்லை?

தோட்டத்தில் இரு வகை வீடுகள் இருந்தன. குன்றின்மேல் துரையின் பங்களா. தாழ்வில் தொழிலாளர் லயம். இடையே கிராணிமார் வீடுகள். பங்களா தனிவீடு, அதைச் சுற்றி வராந்தா, புல்வெளி, குசினி. லயமோ ஒரே கூரையின்கீழ் வரிசையாக அடுக்கிய அறைகள். குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னே சிறு திண்ணை, பின்னே அடுப்படி. விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிட்டபின் நிரைக்குச் செல்லுதல், மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவருதல், ஒட்டுப்பாலைத் தனியே நிறுத்தல். தாயர் பால்வெட்டப் போகும்போது குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் கிடந்தனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. அங்ஙனம் தோன்றிய ஒற்றையறைப் பள்ளிகளின் வழித்தோன்றல்களே இன்றைய தமிழ்ப்பள்ளிகளுள் பல.

இவ்வீடுகள் பெரும்பாலும் ஏன் பிழைக்கவில்லை? முதலாவதாக, லயம் அதில் வாழ்ந்தவருக்குச் சொந்தமன்று. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. மூன்று தலைமுறை ஒரே அறையில் பிறந்து வளர்ந்திருந்தாலும், அவ்வறையின்மீது உரிமை பிறக்கவில்லை. விற்கவோ, பழுதுபார்க்கவோ, விடுதியாக்கவோ அவர்களுக்கு உரிமையில்லை. இரண்டாவதாக, மரபுடைமை என்று எதைக் கருதுகிறோம் என்னும் அளவுகோல். கட்டடக்கலைஞர் பெயரும் உரிமையாளர் பெயரும் வேலைப்பாடும் உடையதே காக்கத்தக்கது எனப் பொதுவாக எண்ணப்படுகிறது. பலகையும் தகரமும் கொண்டு எழுந்த லயத்துக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. மூன்றாவதாக, நிலம். 1950களிலும் 60களிலும் வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். எஞ்சியவை பின்னாளில் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின.

இத்துண்டாடலைத் தொழிலாளர் வாய்மூடி ஏற்கவில்லை. டான் சே யான் தொடங்கிய அதே புக்கிட் அசகான் தோட்டம் துண்டாடப்பட்டபோது, அதன் தொழிலாளர் 1967இல் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டனர். மலாக்காவின் எல்லையிலிருந்து தலைநகர் வரை நடந்த அந்நடை நம் மக்களின் வரலாற்றில் ஒரு மாளிகைக்கு நிகரான நினைவுச் சின்னமாகும். மற்றொரு வழியையும் நம்மவர் கண்டனர். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. குடியிருப்பவனே உரிமையாளனாக வேண்டும் என்னும் எண்ணம் அதன் அடித்தளம். வீட்டைக் காப்பது உரிமை உள்ளவனாலேயே இயலும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

6. வீட்டைக் காத்தவரும் மொழியைக் காத்தவரும்

மலாக்கா நமக்குக் கற்பிக்கும் இன்னொரு பாடம் உண்டு. தோட்டத் தமிழர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே இங்கு வாழ்ந்த தமிழ் வணிகரின் வழியினர் மலாக்காச் செட்டிகள். காஜா பேராங்கில் உள்ள கம்போங் செட்டி அவர்கள் ஊர். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் அவர்கள் எழுப்பியது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களுள் அது ஒன்று. இந்நாட்டுப் பெண்களை மணந்து, இந்நாட்டு உடையை உடுத்து, மலாய் கலந்த மொழியையே தாய்மொழியாகக் கொண்டனர். தமிழ் அவர்கள் நாவை விட்டு நீங்கியது. ஆயினும் கோயில் நின்றது. வீட்டு வாயிலில் மாவிலை நின்றது. போகிப் பண்டிகையின்போது முன்னோருக்குப் படைக்கும் ‘பார்ச்சு’ நின்றது. பிள்ளை, நாயக்கர், படையாட்சி என்னும் பெயர்கள் நின்றன.

இருவரையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். செட்டிகள் வீட்டையும் வழிபாட்டையும் காத்தனர்; மொழியை இழந்தனர். தோட்டத் தமிழர் மொழியைக் காத்தனர், வீட்டை இழந்தனர். இவருள் எவரையும் குறைத்து மதிப்பிடுதல் தகாது. செட்டிகளுக்கு நிலமும் கோயிலும் உரிமையாக இருந்தன. பள்ளியும் புதுவரவும் இல்லை. தோட்டத் தமிழருக்குப் பள்ளியும் ஆண்டுதோறும் தாயகத்திலிருந்து வரும் உறவும் இருந்தன, நிலம் இல்லை. எதற்கு நிறுவனம் இருந்ததோ அது பிழைத்தது என்பதே இதனால் பெறப்படும் உண்மை. மாளிகைக்கு விடுதி என்னும் நிறுவனம் வாய்த்தது, அது பிழைத்தது. தமிழுக்குத் தோட்டப்பள்ளி வாய்த்தது, அதுவும் பிழைத்தது. லயத்து வாழ்வின் நினைவுக்கோ இன்னும் நிறுவனம் வாய்க்கவில்லை.

அந்நினைவு பெரிதும் சொற்களில்தான் தங்கியுள்ளது. கண்காணி என்னும் தமிழ்ச்சொல் கங்காணி ஆனது. ஆங்கிலத்தின் ‘லைன்’ லயமாயிற்று. மலாய் ‘மண்டோர்’ நம் வாய்க்குள் புகுந்தது. நிரை என்னும் பழஞ்சொல், இலக்கியத்தில் ஆநிரையைக் குறித்தது, தோட்டத்தில் மரவரிசையைக் குறித்தது. இச்சொற்களை நாள்தோறும் வழங்கியவர்கள் இன்று முதியோர். செம்பனைத் தோட்டத்தில் மங்கு இல்லை. வீடமைப்புப் பகுதியில் பெரட்டு இல்லை. பொருள் மறைந்தால் சொல்லும் மறையும். மாளிகையின் தள ஓடு உடைந்தால் வேறொன்று வார்க்கலாம். வழக்கிறந்த சொல்லின் ஒலியையும் பொருளையும் பதிவின்றி மீட்க முடியாது.

7. செய்யத்தக்கன

எனவே நாம் செய்யத்தக்கவை சிலவற்றை முன்வைக்கிறோம். இவற்றுக்குப் பெருநிதி வேண்டியதில்லை.

முதலாவது, தோட்டச் சொற்றொகுப்பு. ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கல், பத்தாங் மலாக்கா ஆகிய ஊர்களின் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் பத்துச் சொற்களைக் கேட்டு, பொருளோடும் வழங்கிய தொடரோடும் எழுதினால், ஒரே ஆண்டில் நல்லதோர் அகராதிக்கு அடிப்படை அமையும். குரலையும் கைப்பேசியில் பதிந்து வைக்கலாம்.

இரண்டாவது, ஆவணங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், தோட்டக் கோயில் கணக்குகள், திருவிழா அழைப்பிதழ்கள், கூலிச் சீட்டுகள், லயத்தின் முன் நின்று எடுத்த திருமணப் படங்கள் ஆகியவை இன்னும் பல வீடுகளின் பெட்டியடியில் கிடக்கின்றன. அசலை உரியவரிடமே விட்டுவிட்டு, படியெடுத்துப் பள்ளி நூலகத்தில் வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, விளக்கப் பலகைகள். மாளிகைகளும் அருங்காட்சியகங்களும் தம் வரலாற்றைக் கூறும்போது, ரப்பர்க் காலத்தைப் பற்றிய பகுதியில் தோட்டத் தொழிலாளரைக் குறிப்பிடுமாறும், தமிழிலும் நான்கு வரி எழுதுமாறும் நாம் கேட்கலாம். குறைகூறிக் கேட்பதினும், பிழையற்ற தமிழில் எழுதி நாமே கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்பது பயன் தரும். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. எழுதித் தரும் கடமையும் நமக்கே உண்டு.

நான்காவது, எஞ்சிய லயங்களுள் ஒன்றையேனும், ஓர் அறையையேனும், அதன் திண்ணையோடும் அடுப்படியோடும் நிறுத்திவைக்க முயலுதல். புரவலர் கிடைக்கவில்லையெனில், அளந்து வரைபடமாவது எடுத்துவைத்தல். மாளிகையைப் பார்த்த பயணி அடுத்து அதனையும் பார்த்தால்தான் மலாக்காவின் வரலாறு அவருக்கு முழுமையாகும்.

மாளிகை நின்றது நன்று. அதன் பெயரே நம் மொழியில் பிறந்து மலாயில் வாழ்கிறது என்பது நமக்குப் பெருமை. அதே அக்கறையை லயத்தின்மீதும் செலுத்துவோமாயின், பின்வரும் தலைமுறை தன் பாட்டன் எவ்வீட்டில் வாழ்ந்தான் என்பதைத் தன் மொழியிலேயே படித்து அறியும். மெர்லிமாவிலோ ஜாசினிலோ வரும் பள்ளி விடுமுறையில் அச்சொற்றொகுப்பின் முதல் ஏட்டைத் தொடங்கலாம். சொல்லத் தெரிந்தவர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.